பவுன்தாய் ஜீப்புக்கு ஷாஃப்ட் வாங்கிய கதை

இப்போது ஆனைக்குழிமெட்டுக்குத் தார் ரோடு வந்துவிட்டது, மூன்று வேளையும் மினி பஸ் வருகிறது, பஸ்ஸில் பாட்டுப் போடுகிறார்கள், டிக்கெட் கிழிக்கிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அந்தப் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டு, இதே மலையில் ஒரு ஜீப் ஒரு வருஷத்துக்கு மேல் ஷாஃப்டே இல்லாமல் ஏறி இறங்கியது என்று நான் சொன்னால், காலேஜுக்குப் போகிற பிள்ளைகள் காதில் மாட்டியதைக் கழற்றாமலே சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அந்த ஜீப்பில் வந்த எங்களில் பாதிப்பேர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம். ஷாஃப்ட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன்: வண்டியின் வயிற்றுக்கு அடியில், கியர் பெட்டிக்கும் பின்னச்சுக்கும் நடுவே சுழல்கிற இரும்புக் குழாய் அது. எஞ்சினின் பலத்தைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அது ஒன்றுதான். அது இல்லையென்றால் எஞ்சின் தொண்டை கிழியக் கத்தினாலும் வண்டி நின்ற இடத்தில்தான் நிற்கும்.

அந்த ஜீப்பை வாங்கியவன் சென்றாயன், ஓட்டியவள் அவன் பெண்டாட்டி பவுன்தாய். ஏலக்காய்த் தோட்டம் ஒன்று கழித்துப்போட்ட வண்டியை ஆசைப்பட்டு வாங்கிவந்தவன், முதல் கொண்டை ஊசி வளைவில் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறது என்று ஸ்டீயரிங்கை விட்டவன்தான், அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை. பக்கத்தில் இருந்த பவுன்தாய் எட்டிப் பிடித்துத் திருப்பினாள், அன்றிலிருந்து அவள்தான் டிரைவர். அவன் பின்படியில் நின்றுகொண்டான். ஏற்றம் வந்தால் குதித்து இறங்குவான், சக்கரத்துக்குப் பின்னால் கட்டை போடுவான், தோளைக் கொடுத்துத் தள்ளுவான், வண்டி பிடித்துக்கொண்டதும் ஓடிவந்து தொற்றிக்கொள்வான், தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் நில், இரண்டு தட்டுத் தட்டினால் போ. முன்னால் அவள், பின்னால் அவன், நடுவில் நாங்களும் எங்கள் ஏலக்காய் மூட்டைகளும் கோழிகளும் காஸ் சிலிண்டர்களும் போடி ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளைத்தாய்ச்சிகளும், திரும்பி வரும்போது அந்தப் பிள்ளைகளும். முப்பது வருஷம் அவர்கள் குடும்பம் நடத்தியது இப்படி ஒரு ஜீப் நீளத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்றுதான்.

ஒரு ஐப்பசி மழையில் அழுகைப்பாறை ஏற்றத்தில் பாதையே அடித்துக்கொண்டு போய்விட்டது. மண் போய் முழங்கால் உயரத்துக்குப் பாறைகள் மட்டும் நின்றன. எந்த வண்டி போனாலும் வயிறு இடித்தது. சென்றாயன் யோசித்துப் பார்த்துவிட்டு, பாதையைத் தூக்க முடியாது, வண்டியைத் தூக்கிவிடலாம் என்று, வண்டியைத் தாங்குகிற வில் பட்டைகளைக் கூட்டிவைத்து, பெரிய டயர் போட்டு, ஜீப்பை அரையாள் உயரத்துக்கு நிமிர்த்திக் கொண்டுவந்தான். பெண்கள் ஏறுவதற்கு ஒரு முக்காலி செய்துபோட வேண்டியிருந்தது. பாறை இடிப்பது நின்றது, ஆனால் ஷாஃப்டுக்குப் பிடித்தது சனியன். வண்டி உயர்ந்துவிட்டதால் அது எட்டாத கொம்புக்கு எக்குகிறவளைப் போலச் சரிந்து நின்றபடி சுற்றியது, மாதத்துக்கு ஒருமுறை அதன் மூட்டுகளைத் தின்று தீர்த்தது. "நீளமா ஒண்ணு வாங்கிப் போடணும்" என்று சென்றாயன் ஒவ்வொரு மாதமும் சொல்லிக்கொண்டிருந்தான். வாங்குவதற்கு முன்னால் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து நெஞ்சை என்னவோ செய்கிறது என்று சுவரில் சாய்ந்தான், சாய்ந்தது சாய்ந்ததுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பவுன்தாய் வண்டியை எடுத்தாள். யாரும் எடுக்கச் சொல்லவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, மலைக்கு இருந்தது அந்த ஒரு வண்டிதான். போடிக்குப் போய்த் திரும்பி வரும்போது அழுகைப்பாறையில் அடியில் ஏதோ தடதடவென்று அடித்தது, பிறகு சத்தம் நின்றுவிட்டது, வண்டி கொஞ்சம் தயங்கிவிட்டு ஏறியது, மெட்டுக்கு வந்து டீக்கடை முன்னால் நின்றது. நாங்கள் டீ குடித்து முடித்து மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது ஒச்சப்பன் நடந்து வந்து சேர்ந்தான். ஒச்சப்பனுக்கும் சென்றாயனுக்கும் எல்லையில் நின்ற ஒரு பலாமரத்தினால் பேச்சுவார்த்தை கிடையாது. மரம் பட்டுப்போய் விறகாகி எரிந்தும் போன பிறகும் ஒச்சப்பன் அந்த ஜீப்பில் ஏறாமல் முழங்கால் வலியோடு மலையை நடந்தே ஏறிக்கொண்டிருந்தான். அன்று அவன் தோளில் ஒரு இரும்புக் குழாய் இருந்தது. அதை டீக்கடை முன்னால் 'ணங்' என்று போட்டான்.

"இது ஓங்க வண்டிதுதான மதினி? அழுகைப்பாறையில கெடந்துச்சு."

பவுன்தாய் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். பிறகு நாங்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தோம். ஷாஃப்ட் இருந்த இடத்தில் எதிர்ப்பக்கத்துப் புல் தெரிந்தது. முன்சக்கரம் இழுத்திருக்கும் என்று சொல்லவும் வழியில்லை, டீசல் மிச்சமாகட்டும் என்று முன்கியரை சென்றாயன் எப்போதோ கழற்றி எடைக்குப் போட்டிருந்தான்.

"எங்களுதுதான்" என்றாள் பவுன்தாய். குழாயைத் தூக்கி சீட்டுக்கு அடியில் தள்ளினாள். மறுநாள் காலையில் வழக்கம்போல ஆரன் அடித்தாள், நாங்களும் வழக்கம்போல ஏறினோம், ஜீப்பும் வழக்கம்போலப் போயிற்று.

ஒரே வித்தியாசம், அது ஓர் ஆள் தள்ளுகிற வேகத்தில் போயிற்று. இறக்கத்தில் பவுன்தாயின் பிரேக் பார்த்துக்கொண்டது, மற்ற இடங்களில் எல்லாம் பின்னாலிருந்து ஒரு நிதானம் வண்டியை நகர்த்தியது. அது மலைத்தெய்வம் என்றார்கள் சிலர், மலையில் காந்தம் இருக்கிறது என்றார் பள்ளிக்கூடத்து சார், அவர் ஒருத்தரைத் தவிர மற்ற எல்லோருக்கும் உள்ளுக்குள் அது யாரென்று தெரியும்; தெரிந்தும் முதல் வாரம் யாரும் வாயைத் திறக்கவில்லை, இரண்டாவது வாரம் ஏற்றத்தில் வண்டி சுணங்கியபோது பின்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி தன்னை மறந்து "இன்னுங் கொஞ்சம் அமுக்குண்ணே" என்றாள், அதற்குப் பிறகு எல்லோருக்கும் வாய் வந்துவிட்டது.

"எஞ்சின அமத்திரு மதினி, டீசலாச்சும் மிச்சம்" என்று யாரோ யோசனை சொன்னதற்குப் பவுன்தாய் திரும்பிப் பார்த்து முறைத்தாள். "பின்னால ஒரு மனுசன் முக்கித் தள்ளுறாக. நான் முன்னால சும்மா ஒக்காந்து வேடிக்கை பாக்கவா?" என்றாள். அதனால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, அவள் கியரை மாற்றிக்கொண்டே இருந்தாள், எதற்கும் பிரயோஜனம் இல்லாவிட்டாலும் அது ஒரு மரியாதை. டீக்கடைக்காரர் பின்படியில் ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்தார், ஆறிப்போனால் எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடி வைத்தார். பிள்ளைத்தாய்ச்சிகளை ஏற்றும்போது "குலுக்காமத் தள்ளப்பா" என்று பின்பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டு ஏற்றினோம், குலுக்காமல்தான் போயிற்று. மூட்டைக்கு மேல் மூட்டை ஏற்றி யானையையும் ஏற்றப் பார்க்கிறவர்கள்கூட, செத்த மனுஷன் தோளில் சுமத்துகிறோமே என்று பாரத்தைக் குறைத்துக்கொண்டார்கள். உயிரோடு இருந்தபோது அந்த இரக்கம் எங்கள் யாருக்கும் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவன் தட்டுகிற தட்டுச் சத்தம் மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. அதற்காகப் பவுன்தாய் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு நொடி காதைக் கொடுத்துக் காத்திருப்பாள், பிறகு கிளட்சை விடுவாள்.

ஒச்சப்பன் இரண்டு மாதம் ஜீப்புக்குப் பின்னாலேயே நடந்து வந்தான். ஆள் நடக்கிற வேகம் என்பதால் வண்டியோடு ஒட்டியே வர முடிந்தது. காலி ரோட்டைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே வருவான், என்ன முணுமுணுத்தான் என்று எங்களுக்குக் கேட்காது. ஒருநாள் சாரல் மழையில் முழங்கால் மடங்கி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். ஜீப் தானாக நின்றது, பவுன்தாய் பிரேக்கைத் தொடவில்லை. ஒச்சப்பன் பின்படியையே பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு எழுந்து வந்து ஏறினான், ஏறியதும் வண்டி கிளம்பியது. "பலாப்பழம் நல்ல பழம்டா அது, சொளை ஒவ்வொண்ணும் இந்தத் தண்டி" என்று தேம்பித் தேம்பி அழுதான் அந்தக் கிழவன், எங்களுக்கும் அடக்க முடியவில்லை. அதற்குப் பிறகு கடைசி சீட்டு அவனுக்கு என்று ஆகிவிட்டது, பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு மழை, விலைவாசி, பன்றி வந்து கிழங்கைக் கிண்டியது என்று வழி நெடுகப் பேசிக்கொண்டே வருவான். அந்த ஜீப்பில் நாங்கள் போன போக்கை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. போடிக்கும் மெட்டுக்கும் அரை நாள் ஆகும், ஆகட்டுமே, யாருக்கு என்ன அவசரம்.

ஆனால் மறு வருஷம் ஏலக்காய் எடுப்பு வந்தது, நன்றாகக் காய்த்துவிட்டது, இரக்கம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பழையபடி மூட்டைக்கு மேல் மூட்டை ஏறியது. ஜீப் வளைவுக்கு வளைவு நிற்க ஆரம்பித்தது. சாயங்காலம் மேலே வந்து சேர்ந்ததும் பின்படித் தகரம் ஈரமாக இருந்தது, மழை பெய்யாத நாளிலும் ஈரமாக இருந்தது. ஒருநாள் அழுகைப்பாறையில் பாதி ஏறிய வண்டி பின்னால் நழுவியது. நாங்கள் அலறுவதற்குள் நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு கல் இருந்தது, அதை யாரும் எடுத்து வைக்கவில்லை. வண்டியின் பின்பக்கத்தில் தோள் வைக்கிற இடத்தில் பச்சைப் பெயின்ட் தேய்ந்து தகரம் பளபளத்தது.

பவுன்தாய் அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். அப்படியே பாறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பதினாறாம் நாள்கூட அவள் அப்படி அழவில்லை.

"முப்பது வருசம் தள்ளுனது பத்தாதா?" என்றாள். "செத்தும் ஒக்கார விடலையே நானு. ஒரு நாளாச்சும் அந்த மனுசன் ஒக்காந்து வந்தாகளா? நீங்க பாத்திருக்கீகளா?"

நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அன்றே அவள் ஷாஃப்ட் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டாள்.

மெட்டில் இருக்கிறவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஷாஃப்ட் போட்டால் அவனுக்கு வேலை இல்லை, வேலை இல்லாதவன் எதற்கு நிற்பான், போய்விடுவான் என்று டீக்கடையில் பேச்சு. பிரசவத்துக்குப் போகிறவர்கள் யாரை நம்பிப் போவது என்று பெண்கள். அவன் மனம் கோணினால் மலைக்கு ஆகாது என்று வேறு ஒருத்தர். எல்லோரையும்விடக் கடுமையாகச் சண்டைக்கு நின்றவன் ஒச்சப்பன். பத்து வருஷப் பேச்சு அவனுக்குப் பாக்கி இருந்தது, இப்போதுதான் பாதி பேசியிருந்தான்.

"ஓங்களுக்கெல்லாம் அவுக வண்டி தள்ளுற ஆளு" என்றாள் பவுன்தாய். "எனக்குப் புருசன்."

"போயிருவான் மதினி" என்றான் ஒச்சப்பன்.

"போனாப் போகட்டும். காலாச்சும் ஆறட்டும்." சொல்லிவிட்டு அவள் பின்படியைத் திரும்பிப் பார்த்தாள். போகட்டும் என்று சொல்கிறவள் போகக் கூடாது என்றும் நினைக்கிறாள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை நாங்கள் எல்லோருமே ஜீப்பில் ஏறிக்கொண்டு போடிக்குப் போனோம். வேலை வெட்டி இல்லாமல் இல்லை, கடைசியாக ஒருமுறை அவன் தள்ள நாங்கள் போக வேண்டும் என்றிருந்தது.

போடியில் பக்கீர் ராவுத்தர் பட்டறை வைத்திருந்தார். தேனி ஜில்லாவில் தன்னைப்போல ஜீப் வேலை தெரிந்தவன் பிறக்கவில்லை என்று அவரே எல்லோரிடமும் சொல்வார், மற்றவர்கள் சொல்லும்வரை காத்திருக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர், எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

"ஒரு வருசமா இப்பிடித்தான் ஓட்டுனியா தங்கச்சி?"

"ஆமாண்ணே."

"எவன்கிட்டயும் வெளிய சொல்லிராத. என் பொழப்புப் போயிரும்" என்றார் ராவுத்தர். அதோடு அதைப் பற்றிய விசாரணை முடிந்தது. மூன்று ஷாஃப்டுகளை எடுத்துவந்து சாக்கின் மேல் போட்டார்.

முதலாவது, உடைத்த ஜீப் ஒன்றிலிருந்து எடுத்தது, பழைய அளவு. அதைக் காட்டிவிட்டு அவரே காலால் தள்ளிவிட்டார். "வண்டியத் தூக்கிப்புட்டீக. பெட்டி மேல போயிருச்சு, அச்சு கீழயே நிக்கிது. நடுவுல தூரமும் கூடிப்போச்சு, சரிவும் கூடிப்போச்சு. இது எட்டாது. இழுத்து மாட்டுனாலும் பழைய கதைதான்." இரண்டாவது, லாரிக் குழாயை வெட்டி அவரே லேத்தில் கடைந்து பற்றவைத்த கனமான ஷாஃப்ட். அதைத் தடவிக்கொடுத்தார். "இது பேரன் காலம்வரைக்கும் ஓடும். ஆனா அளவு சொல்லிட்டா அளவுதான், ஒரு நூல் கூட நீளாது, ஒரு நூல் குறையாது." மூன்றாவதில் மேல் முனையில் ஒரு மூட்டுக்குப் பதில் இரண்டு மூட்டுகள் அடுத்தடுத்து இருந்தன, குழாய்க்குள் குழாயாகப் பல் வைத்து, வெளியே இழுத்தால் நீண்டது, உள்ளே தள்ளினால் சுருங்கியது. "வேலைப்பாடு நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம சரக்கு இல்ல" என்றார். தன் கையால் செய்யாத எதையும் அவர் அவ்வளவுதான் புகழ்வார்.

முதலில் அளவெடுக்க வேண்டும். ஜாக்கி போட்டுத் தூக்கி அளந்தால் சக்கரம் தொங்கும், அளவு பொய் சொல்லும். வண்டி தன் காலில் நிற்க வேண்டும், தினமும் ஏறுகிற பாரம் ஏறியிருக்க வேண்டும் என்று எங்களை எல்லாம் ஏறி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தோம். பவுன்தாய் நிலைகொள்ளாமல் வண்டிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். ராவுத்தர் அடியில் நுழைந்து டேப்பைப் பிடித்து ஒரு அளவு சொன்னார். சரிபார்க்க மறுபடி பிடித்தார், இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், கூடியிருந்தது. மறுபடி பிடித்தார், குறைந்துவிட்டது. உள்ளே யார் அசைந்தது என்று அடியிலிருந்து கத்தினார். நாங்கள் அசையவில்லை என்றோம். அப்படியானால் மூச்சு விட்டது யார் என்றார். ஒச்சப்பன் தின்ற போண்டாவைக் குறை சொன்னார், டேப்பைக் குறை சொன்னார், வேறு டேப் வாங்கிவரச் செய்தார், அதுவும் அதே மாதிரி இரண்டு நூல் கூட்டிக் குறைத்தது. எங்களை இறக்கி, ஏற்றி, இடம் மாற்றி உட்காரவைத்து, மத்தியானம்வரை அந்த மனுஷன் தன் ஜென்மத்தில் படாத பாடு பட்டார்.

பவுன்தாய் எல்லோருக்கும் டீ சொல்லிவர எதிர்க்கடைக்குப் போனாள். நாங்கள் உட்கார்ந்திருந்த ஜீப் பின்பக்கம் இரண்டு விரற்கடை மேலே எழும்பியது. அவள் திரும்பி வந்து பக்கத்தில் நின்றாள், வண்டி மெதுவாகக் கீழே இறங்கியது. அடியில் படுத்திருந்த ராவுத்தரின் கால்கள் மட்டும் எங்களுக்குத் தெரிந்தன, அவை அசையாமல் கிடந்தன.

"தங்கச்சி, அந்தத் தெருமுனை வரைக்கும் போயிட்டு வா."

போனாள். வண்டி எழும்பியது.

"வா."

வந்தாள். வண்டி இறங்கியது.

ராவுத்தர் வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பின்படியைப் பார்த்தார், தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நீ போனா அவரும் இறங்கி ஓம் பின்னாலயே போறாரு. நீ வந்தா வந்து படியில நின்னுக்கிறாரு" என்றார். "டேப் மேல தப்பு இல்ல."

தள்ளுகிறான் என்பது எங்களுக்குத் தெரியும், தள்ளுவதற்காகத்தான் இருக்கிறான் என்று நினைத்திருந்தோம். டீக்கடை வரைக்கும் அவள் பின்னால் போய் வருகிறான் என்பது எங்களுக்குத் தெரியாது.

"எந்த அளவுக்கு வாங்கணும்ணே?" என்று கேட்டாள் பவுன்தாய்.

"அத நீதான் சொல்லணும். அவரு நிக்கிற அளவுக்கு வாங்குனா, அவரு இறங்குன அன்னைக்கு ஷாஃப்ட் பத்தாது, உருவிக்கிட்டு விழுந்துரும். அவரு இல்லாத அளவுக்கு வாங்குனா, அவரு ஏறுனா முட்டிப் பெட்டிய ஒடைச்சுரும்."

ஒச்சப்பன் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தான். "அவன் நிக்கிற அளவுக்கே வாங்குங்க மதினி" என்றான். "நாம இறங்குனா ஷாஃப்ட் விழுந்துருமேன்னு பயந்துக்கிட்டாச்சும் கெடப்பான். அவன் குணம் ஓங்களுக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும், அதனால்தான் அவள் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. சாக்குக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, அந்தக் கனத்த ஷாஃப்டைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு மூன்றாவதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நீட்டினாள், சுருக்கினாள், மறுபடி நீட்டினாள்.

"இருங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல. போங்கன்னு சொல்ல வாய் வரல" என்றாள். "அவுக இருந்தாலும் இது ஓடணும், இல்லாட்டியும் ஓடணும். இதையே மாட்டுங்கண்ணே."

ராவுத்தர் தன் சரக்கு போகவில்லையே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரே படுத்து அவரே மாட்டினார், கிரீஸ் வைத்தார், கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் காட்டினார். கிளம்புவதற்கு முன்னால் பவுன்தாய் பின்படிக்கு வந்தாள். எங்கள் முன்னால் அவள் அவனோடு பேசி நாங்கள் பார்த்ததில்லை, அதனால் நாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம், காது மட்டும் இங்கேதான் இருந்தது.

"ஷாஃப்ட் மாட்டியாச்சு. இனிமே நீங்க தள்ள வேணாம். கேட்டுச்சா? இறங்கிக் கல்லு போடுறேன் கட்டை போடுறேன்னு நிக்கக் கூடாது."

அன்று முன்சீட்டுக்கு யாரும் போகவில்லை. எப்போதும் அந்த இடத்துக்கு அடித்துக்கொள்கிறவர்கள்கூடப் பின்னாலேயே நெருக்கியடித்துக்கொண்டு ஏறினோம், அவனுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று. ஒச்சப்பன் தன் கடைசி சீட்டில் படியைப் பார்க்க உட்கார்ந்தான்.

பவுன்தாய் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டதும் ஜீப் ஒரு குதி குதித்துப் பாய்ந்தது, நாங்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்தோம். எஞ்சினின் பலம் சக்கரத்துக்குப் போவது எப்படி இருக்கும் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. வளைவுகள் சரசரவென்று போயின, அவன் தண்ணீர் குடிக்க நிற்கிற இடத்தில் நிற்காமல் போயிற்று, அவன் மூச்சு வாங்குகிற இடத்தில் மூச்சு வாங்காமல் போயிற்று, இரும்பு ஏறுகிற மாதிரி ஏறியது. அழுகைப்பாறை வந்தது. இரண்டாவது பாறையைத் தாண்டும்போது பின்பக்கம் லேசாகி இரண்டு விரற்கடை மேலே எழும்பியது, உட்கார்ந்திருந்த எங்கள் எல்லோருக்கும் வயிற்றில் அது தெரிந்தது.

"இறங்கிட்டான்" என்றான் ஒச்சப்பன்.

பின்னால் பாதையைப் பார்த்தோம். பாறையும் டயர்த் தடமும் இருந்தன. பவுன்தாய்க்கும் ஸ்டீயரிங்கில் அது தெரிந்திருக்கும், ஆனால் அந்த ஏற்றத்தில் யாருக்காகவும் வண்டியை நிறுத்த முடியாது, நிறுத்தினால் உருண்டுவிடும். அவள் கை ஸ்டீயரிங்கை விடவில்லை, அழுதுகொண்டே ஆக்ஸிலேட்டரை மிதித்தாள், நாங்களும் கூச்சம் இல்லாமல் அழுதோம், புது ஷாஃப்ட் எங்கள் காலுக்கு அடியில் நீண்டு கொடுத்துச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு பாறையிலும் வயிறு இடிக்கவில்லை.

ஏற்றம் முடிந்த சமதளத்தில், எஞ்சின் சூடு ஆறட்டும் என்று அவள் வண்டியை நிறுத்தினாள். யாரும் இறங்கவில்லை. ஒச்சப்பன்தான் முதலில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினான். இனி அந்தப் பின்சீட்டில் தனக்கு என்ன வேலை, முழங்காலையாவது நீட்டி உட்காரலாம் என்று முன்பக்கம் நடந்து போய், கம்பியைப் பிடித்துக் காலைத் தூக்கி வைத்தான்.

பவுன்தாய் தன் பக்கத்து சீட்டைப் பார்த்தாள். ரெக்ஸின் நன்றாக அமுங்கி, ஓர் ஆள் சாய்ந்த அளவுக்குப் பின்னாலும் குழிந்திருந்தது. அவள் கையை நீட்டி ஒச்சப்பனைத் தடுத்தாள்.

"ஆள் இருக்கு" என்றாள்.

ஒச்சப்பன் சீட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தூக்கிய காலைக் கீழே வைத்தான். "சரி மதினி" என்று சொல்லிவிட்டுப் பின்னால் வந்தான், நாங்கள் நகர்ந்து இடம் கொடுத்தோம். வண்டி கிளம்பியது, முன்னைப்போல வேகமாக இல்லை, அவள் மெதுவாக ஓட்டினாள். மெட்டு வரும்வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள். பள்ளத்தைப் பார்க்காதீங்க, ரோட்டப் பாருங்க, கண்ணக் கட்டாது என்றாள், முதல் நாளிலிருந்தே எனக்கும் இந்த வளைவில் பயம்தான் என்றாள், பின்னால் நீங்க நிக்கிறீகன்னுதான் முப்பது வருசமா ஓட்டினேன் என்றாள். நாங்கள் கேட்காத மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.